ஃப்ரீபிஎஸ்டியை மூலநிரலிலிருந்து புதுப்பித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தையும் அதில் நிறுவியிருக்கும் மென்பொருளையும் தாமே தொகுத்து (மூலநிரலை ஓடும் நிரலாக மாற்றி) புதுப்பிக்க விரும்புவோருக்காக இந்தப் பக்கம். கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றின் ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும். படிகளை மனப்பாடம் செய்வதைவிட, ஒரு படி ஏன் இன்னொன்றுக்கு முன்னால் வருகிறது என்பதைப் புரிந்துகொள்வதே முக்கியம் என்று நினைக்கிறேன். அதனால் காரணங்களுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எதையெல்லாம் புதுப்பிக்கிறோம்?

இரண்டைப் புதுப்பிக்கிறோம், இரண்டும் தனித்தனி வேலைகள். லினக்ஸிலிருந்து வருபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். அங்கே கர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்), ஷெல் (கட்டளைகளை வாங்கும் நிரல்), உலாவி எல்லாமே பேக்கேஜ்கள், அதாவது ஆயத்தமாகத் தொகுத்த பொதிகள். ஒரே கட்டளை எல்லாவற்றையும் புதுப்பித்துவிடும். ஃப்ரீபிஎஸ்டியில் கர்னல், சி லைப்ரரி, ஷெல், தொகுப்பி, அன்றாடக் கட்டளைகள் எல்லாம் அடிப்படை அமைப்பு என்ற ஒரே மூலநிரல் மரத்தில் இருக்கின்றன. அது யூஎஸ்ஆர் அடைவுக்குள் எஸ்ஆர்சி என்ற இடத்தில் இருக்கும். உலாவி, தரவுத்தளம், உரைத்திருத்தி போன்ற வெளியார் மென்பொருளுக்கு போர்ட்ஸ் என்ற வேறு மரம் உண்டு. அதில் 30,000-க்கும் மேற்பட்ட மென்பொருட்களுக்கான செய்முறைகள் உள்ளன. அவை யூஎஸ்ஆர் லோக்கல் அடைவில் போய் அமரும். ஒரு மரத்தைப் புதுப்பித்தால் மற்றது தானாகப் புதுப்பிக்கப்படாது.

ஆயத்தமாகத் தொகுத்த புதுப்பிப்புகள் கிடைக்கும்போது நான் ஏன் தொகுக்க வேண்டும்?

வேகம் கூடும் என்ற எண்ணத்தில் வருகிறீர்கள் என்றால் வேண்டாம். தொகுப்பதில் செலவாகும் மணிநேரத்தை அந்தச் சிறு வேக உயர்வு ஒருநாளும் திருப்பித் தராது. வெளியீட்டுப் பதிப்பை மாற்றமில்லாமல் பயன்படுத்துபவர்களுக்கு அடிப்படை அமைப்புக்கு ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் கட்டளையும் வெளியார் மென்பொருளுக்கு பிகேஜி கட்டளையும் போதும்.

கர்னலில் சொந்த மாற்றம் வைத்திருப்பவர்கள், ஸ்டேபிள் அல்லது கரன்ட் என்ற வளர்ச்சிக் கிளையை (கீழே விளக்கியிருக்கிறேன்) பின்தொடர்பவர்கள், அமைப்பின் சில பகுதிகளே வேண்டாம் என்று ஒதுக்குபவர்கள், ஒரு திருத்தத்தைத் தாமே சோதித்துப் பார்க்க வேண்டியவர்கள் ஆகியோருக்கு மூலநிரல்தான் வழி. இன்னொரு காரணமும் உண்டு. தன் கணினியில் ஓடும் ஒவ்வொரு பைட்டும் எந்த வரியிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை. அந்த ஆசைக்காகவே இதைச் செய்யலாம். நான் தொடங்கியது அதனால்தான்.

ஓர் எச்சரிக்கை: 15-ஆம் பதிப்பிலிருந்து அடிப்படை அமைப்பையே பேக்கேஜ்களாக நிறுவும் வழியும் இருக்கிறது. அப்படி நிறுவிய கணினியில் கீழே சொல்லும் முறையை அப்படியே செய்தால், பேக்கேஜ் பதிவேட்டில் ஒன்று இருக்கும், வட்டில் வேறொன்று இருக்கும். அங்கே மூலநிரலிலிருந்து சொந்தப் பேக்கேஜ்களைத் தயாரித்து நிறுவுவதே முறை.

எந்தக் கிளையை எடுப்பது?

மூலநிரல் 2020 டிசம்பரிலிருந்தும் போர்ட்ஸ் 2021-இலிருந்தும் கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியின் களஞ்சியத்தில் இருக்கின்றன. அதற்கு முந்தைய சிவிஎஸ், சப்வெர்ஷன் கால வழிகாட்டிகளைப் பின்பற்றாதீர்கள். கிளைகள் மூன்று வகை. வெளியீட்டுக் கிளையில் பாதுகாப்புத் திருத்தங்களும் பெரும் பிழைகளுக்கான திருத்தங்களும் மட்டுமே வரும். ஸ்டேபிள் கிளையில் அடுத்த புள்ளிப் பதிப்புக்கான வளர்ச்சி நடக்கும். மெயின் என்ற கரன்ட் கிளையில் எதுவும் நடக்கலாம். ஸ்டேபிள் என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இடைமுகங்கள் மாறாது என்பதே அங்கே கிடைக்கும் வாக்குறுதி. இன்று எடுத்த நிரல் இன்றே பிழையில்லாமல் ஓடும் என்பதல்ல. முதன்முறை தொகுப்பவர்கள் வெளியீட்டுக் கிளையிலேயே தொடங்குவது நல்லது.

தொடங்குவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில், மூலநிரல் மரத்தின் உச்சியில் இருக்கும் அப்டேட்டிங் என்ற கோப்பைப் படியுங்கள். தேதி எண்ணோடு தொடங்கும் குறிப்புகள் அதில் இருக்கும். சென்ற முறை நீங்கள் புதுப்பித்த நாளுக்குப் பின் வந்த குறிப்புகளை மட்டும் படித்தால் போதும். பெரும்பாலும் பத்து நிமிட வேலை. அதன் பிற்பகுதியில் முழுச் செய்முறையும் இருக்கிறது. இந்தப் பக்கத்துக்கும் அதற்கும் முரண்பாடு வந்தால் அதையே நம்புங்கள்.

அடுத்தது, திரும்பி வரும் வழி. இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை என்றால் பிஇசிடிஎல் கட்டளையால் இப்போதைய நிலையை ஒரு துவக்கச் சூழலாக (பிறகு கணினியை அதிலிருந்தே துவக்கக்கூடிய பிரதியாக) படியெடுத்து வையுங்கள். சில விநாடிகளில் முடிந்துவிடும், தொடக்கத்தில் இடமும் பிடிக்காது. நிறுவி இயல்பாக அமைக்கும் ஏற்பாட்டில் யூஎஸ்ஆர் லோக்கலும் பேக்கேஜ் பதிவேடும் அந்தச் சூழலுக்குள்ளேயே இருக்கின்றன. வீட்டு அடைவு வெளியே இருக்கிறது. ஆகவே பழைய சூழலுக்குத் திரும்பினால் இயங்குதளமும் மென்பொருளும் சேர்ந்து பின்வாங்கும். உங்கள் சொந்தக் கோப்புகள் அப்படியே இருக்கும். இவ்வளவு நல்ல வசதியை ஒரே கட்டளைக்குச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். யூஎஃப்எஸ் கோப்பு முறைமை என்றால் இந்த வசதி கிடையாது. உண்மையான காப்புநகல்தான் எடுக்க வேண்டும்.

காலியிடம் 20 ஜிபி வைத்துக்கொள்வது என் வழக்கம். கணினிக் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எதைத் திரும்பத் தொகுக்க வேண்டும் என்பதை, தொகுப்பை நடத்தும் மேக் கட்டளை கோப்புகளின் நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது.

படிகளின் வரிசை என்ன?

கிட் புல் கொடுத்து மரத்தைப் புதுப்பித்த பின், மேக் பில்ட்வேர்ல்ட் (கர்னல் தவிர்ந்த பகுதிகளைத் தொகுக்கும்); அது முடிந்ததும் மேக் பில்ட்கர்னல். இந்த இரண்டும் எதையும் நிறுவுவதில்லை. விளைபொருட்கள் எல்லாம் யூஎஸ்ஆர் ஓபிஜே அடைவில் சேரும். இதுவரை கணினியை வழக்கம்போல் பயன்படுத்தலாம். மனம் மாறினால் விட்டுவிடலாம்.

பில்ட்வேர்ல்ட் ஏன் முதலில்? புதிய கர்னலைத் தொகுக்கப் புதிய தொகுப்பியும் கருவிகளும் தேவைப்படலாம். அவற்றைத் தயாரிப்பது பில்ட்வேர்ல்டின் தொடக்கக் கட்டங்கள்தான்.

பிறகு மேக் இன்ஸ்டால்கர்னல். மறுதொடக்கம் செய்து, ஒற்றைப் பயனர் நிலைக்கு (சேவைகள் ஓடாத பராமரிப்பு நிலைக்கு) போங்கள். கோப்பு முறைமைகளை எழுதக்கூடிய நிலையில் இணைத்துக்கொள்ளுங்கள். இடிசி அடைவின் அமைப்புக் கோப்புகளைப் புதுப்பிக்கும் எட்ஸிஅப்டேட் கட்டளையை நிறுவலுக்கு முந்தைய முறையில் ஒருமுறை ஓட்டுங்கள். புதிய அமைப்புக்கு வேண்டிய பயனர், குழுப் பெயர்களை அது சேர்த்து வைக்கும். அவை இல்லாவிட்டால் கோப்புகளுக்கு உரிமையாளர் பெயர் கிடைக்காமல் அடுத்த படி நின்றுவிடும். அந்த அடுத்த படிதான் மேக் இன்ஸ்டால்வேர்ல்ட். அதன்பின் எட்ஸிஅப்டேட்டை முழுமையாக ஓட்டி, மேக் டெலீட்-ஓல்டு கொடுத்து, மீண்டும் மறுதொடக்கம்.

நடுவில் வரும் அந்த மறுதொடக்கத்தைத் தவிர்த்துவிட்டால் என்ன ஆகும்?

பல நேரங்களில் ஒன்றும் ஆகாது. அதனால்தான் இது ஆபத்தான பழக்கமாகிறது.

பழைய நிரல்கள் புதிய கர்னலின் மேல் ஓடும். நிரல்கள் கர்னலிடம் வேலை கேட்கும் பழைய அழைப்புகளை அது கைவிடாமல் வைத்திருக்கிறது. ஆனால் புதிய நிரல்கள் பழைய கர்னலின் மேல் ஓடும் என்பதற்கு எந்த வாக்குறுதியும் கிடையாது. 2017 மே மாதம் கரன்ட் கிளையில், கோப்புகளை அடையாளம் காட்டும் ஐநோட் எண்ணை 32 பிட்டிலிருந்து 64 பிட்டாக விரித்தார்கள். கோப்பு விவரங்களைக் கேட்கும் அழைப்புகளே மாறிவிட்டன. புதிய எல்எஸ் கட்டளை கேட்கும் அழைப்பைப் பழைய கர்னல் அறியாது. அந்த வேளையில் மறுதொடக்கம் செய்யாமல் இன்ஸ்டால்வேர்ல்ட் கொடுத்தால், கோப்புகளை நிறுவும் கருவியே நிறுவும் நடுவில் செத்துவிடும். பாதி புதியது, பாதி பழையது. எதை ஓட்டினாலும் தவறான அழைப்பு என்ற செய்தி. பத்து முறை தவிர்த்துத் தப்பியவருக்கு இப்படி ஒரு பதினொன்றாவது முறை வரலாம்.

புதிய கர்னல் உங்கள் வன்பொருளில் எழுந்திருக்கிறதா என்பதும் இந்த மறுதொடக்கத்தில்தான் தெரியும். எழவில்லை என்றால், இன்னும் எதுவும் கெட்டுப்போகவில்லை.

புதிய கர்னல் எழவில்லை. இப்போது என்ன?

துவக்கப் பட்டியலில் கர்னல்.ஓல்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதியதை நிறுவும்போது, ஓடிக்கொண்டிருந்த கர்னல் அந்தப் பெயரில் ஒதுக்கி வைக்கப்படும். அந்தப் பெயரில் ஒன்றுதான் இருக்கும். அடுத்தடுத்த முயற்சிகளில் நல்லது போய், கெட்டது அந்த இடத்துக்கு வந்துவிடலாம். அதனால் நன்றாக ஓடும் கர்னல் அடைவை வேறு பெயரில் நகலெடுத்து வைப்பது நல்லது.

கர்னல் எழுந்து, திரை மட்டும் கருப்பாகிவிட்டதா? வரைகலை இயக்கி பெரும்பாலும் காரணமாக இருக்கும். டிஆர்எம்-கேமாட் என்ற அந்த இயக்கி அடிப்படை அமைப்பில் இல்லை. போர்ட்ஸிலிருந்து வரும் கர்னல் கூறு அது. பழைய கர்னலுக்குத் தொகுத்ததைப் புதிய கர்னலில் ஏற்றினால் சில நேரம் திரை போகும், சில நேரம் கர்னலே விழும். ஒற்றைப் பயனர் நிலையில் எழுந்து, ஆர்சி.கான்ஃப் கோப்பில் அதை ஏற்றும் வரியை நிறுத்தி வைத்துவிட்டு, அந்த போர்ட்டைத் திரும்பத் தொகுங்கள். மேக்.கான்ஃப் கோப்பில் போர்ட்ஸ்_மாட்யூல்ஸ் என்ற மாறியில் அதன் பெயரைக் கொடுத்துவிட்டால், கர்னலைத் தொகுக்கும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து தொகுக்கப்படும். மெய்நிகர் கணினி மென்பொருளின் கர்னல் கூறுகளுக்கும் இதே கதைதான்.

தொகுப்பு பாதியில் நின்றுவிட்டது. கடைசி வரிகளில் ஒன்றும் புரியவில்லை.

கடைசி வரிகளில் இருக்காது. பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும்போது ஒன்று விழுந்த பிறகும் மற்றவை தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்கும். பதிவை ஒரு கோப்பில் சேமித்து, முதன்முதலில் பிழை என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுங்கள். அப்படியும் பிடிபடாவிட்டால் ஒரே வேலையாக மறுபடி ஓட்டுங்கள். நிற்கும் இடமே பிழையின் இடம்.

தொகுப்பி கொல்லப்பட்டது என்று வந்தால் நினைவகம் போதவில்லை என்று பொருள். இணை வேலைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். கிளாங் தொகுப்பியைத் தொகுக்கும் இடத்தில்தான் இது அதிகம் நடக்கும். நேரத்திலும் பெரும்பங்கை எடுப்பது அதுவே. திரையில் மூன்றாம் கட்டம், பிறகு நான்கு புள்ளி இரண்டு என்று கட்ட எண்கள் ஓடும். மூன்றாம் கட்டம் தொகுப்பிக்கானது. உங்களிடம் இருக்கும் தொகுப்பியே போதுமான அளவு புதிதாக இருந்தால் அங்கே கிளாங்கைத் தொகுக்காமல் விட்டுவிடும். கிளாங்கில் பெரிய மாற்றம் வந்த முறை மட்டும் ஒரே தொகுப்பில் அது இருமுறை தொகுக்கப்படும். அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனால் பயப்பட வேண்டாம்.

எட்ஸிஅப்டேட் முரண்பாடு என்று சொல்கிறது. புதியதையே எடுத்துக்கொள்ளலாமா?

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது.

எட்ஸிஅப்டேட் மூன்று பிரதிகளை ஒப்பிடுகிறது: பழைய மூலநிரலில் இருந்த கோப்பு, புதிய மூலநிரலில் இருக்கும் கோப்பு, உங்கள் இடிசி அடைவில் இருக்கும் கோப்பு. நீங்கள் தொடாததை அப்படியே மாற்றிவிடும். நீங்கள் மாற்றியதையும் வெளியே மாறியதையும் இணைத்துப் பார்க்கும். இரண்டும் ஒரே வரியில் மோதினால் மட்டும் உங்களைக் கேட்கும். இதற்குப் பழைய கோப்புகளின் பிரதி அதனிடம் இருக்க வேண்டும். முதன்முறை என்றால், மரத்தைப் புதுப்பிக்கும் முன்பே, இப்போது நிறுவியிருப்பதற்கு ஈடான மூலநிரலிலிருந்து அந்தப் பிரதியை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

என் அனுபவம் ஒன்று. முரண்பாடுகள் வரிசையாக வந்தன. முதல் நான்கும் கருத்துரை வரிகள்தான். நான்குக்கும் புதியதை ஏற்றேன். ஐந்தாவதாக வந்தது மாஸ்டர்.பாஸ்வர்டு கோப்பு. கை பழக்கத்தில் அதற்கும் அதையே தட்டியது. புதிய பிரதியில் இருந்தது வெறும் அமைப்புக் கணக்குகள். ரூட் பயனருக்குக் கடவுச்சொல்லே இல்லை, என் கணக்கு அந்தப் பட்டியலிலேயே இல்லை. மறுதொடக்கம் செய்தபின் உள்நுழையும் இடத்தில் என் பெயரை நான்கு முறை தட்டிப் பார்த்தேன். விசைப்பலகை கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

மீண்டது இப்படி. ஒற்றைப் பயனர் நிலையில் எழுந்து, வார் அடைவின் பேக்கப்ஸ் பகுதிக்குப் போனேன். தினசரி ஓடும் பராமரிப்பு வேலை கடவுச்சொல் கோப்பின் நகலை அங்கே வைத்திருந்தது. அதை இடத்தில் திரும்ப வைத்து, பிடபிள்யூடி_எம்கேடிபி கட்டளையை ஓட்டினேன். அந்தக் கட்டளையை விட்டுவிடக் கூடாது. உள்நுழைவு நிரல்கள் படிப்பது உரைக்கோப்பை அல்ல, அதிலிருந்து கட்டப்படும் தரவுத்தளத்தை. அன்றிலிருந்து மாஸ்டர்.பாஸ்வர்டு, குரூப் இரண்டையும் தனியே திருத்தியில் திறந்து, வரிவரியாகப் படித்த பிறகே ஒப்புக்கொள்கிறேன்.

டெலீட்-ஓல்டு, டெலீட்-ஓல்டு-லிப்ஸ்: இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

முன்னது, புதிய பதிப்பில் இல்லாத பழைய கோப்புகளை நீக்கும். உடனே செய்யலாம். பின்னது பழைய லைப்ரரிகளை நீக்கும். உங்கள் போர்ட்ஸ் மென்பொருள் இன்னும் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே மென்பொருளை எல்லாம் திரும்பத் தொகுத்து முடித்த பிறகே அதைச் செய்யுங்கள்.

துவக்கியும் இசட்எஃப்எஸ் பதிப்பும் தானாகப் புதுப்பிக்கப்படுமா?

படாது. இன்ஸ்டால்வேர்ல்ட் புதிய துவக்கியை (லோடரை) பூட் அடைவில் வைக்கும். யூஇஎஃப்ஐ என்ற துவக்க முறையைப் பயன்படுத்தும் கணினிகளில் எழும்போது படிக்கப்படுவது அதற்கான தனிப் பகிர்வில் இருக்கும் நகல். அதை நீங்கள்தான் நகலெடுத்து வைக்க வேண்டும்.

இசட்எஃப்எஸ் சேமிப்புக் குழுவை மேம்படுத்தலாம் என்று இசட்பூல் கட்டளை செய்தி காட்டினால் உடனே செய்ய வேண்டாம். மேம்படுத்திய குழுவைப் பழைய கர்னலும் பழைய லோடரும் படிக்க முடியாமல் போகலாம்; நீங்கள் எடுத்துவைத்த துவக்கச் சூழல் பயனற்றுப்போகும். சில வாரங்கள் ஓடவிட்டு, லோடரையும் மாற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போர்ட்ஸ் மென்பொருளைப் புதுப்பிப்பது எப்படி?

போர்ட்ஸ் மரத்தையும் கிட் புல் கொடுத்துப் புதுப்பியுங்கள். போர்ட்ஸ்நாப் கருவி 14-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. எவையெல்லாம் பின்தங்கியிருக்கின்றன என்று பிகேஜி வெர்ஷன் காட்டும். ஒவ்வொரு போர்ட்டும் ஓர் அடைவு. எங்கிருந்து மூலநிரலை இறக்குவது, அதன் சரிபார்ப்புத் தொகை என்ன, எந்தத் திருத்தங்களைப் போடுவது, எதைச் சார்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஒரு போர்ட்டைக் கையால் தொகுக்கலாம். ஐம்பது போர்ட்டுகள் என்றால் சார்பு வரிசையைக் கணக்கிட ஒரு கருவி வேண்டும். போர்ட்மாஸ்டர் எளியது, ஷெல் நிரலில் எழுதப்பட்டது. ஆனால் அது ஓடும் கணினியிலேயே ஒவ்வொன்றாகப் பழையதை எடுத்துப் புதியதை வைக்கும். நடுவில் ஒன்று தொகுக்க மறுத்தால் கணினி அரைகுறையாக நிற்கும். பூட்ரியர் வேறு வழியில் போகிறது: சிறைப்படுத்திய சுத்தமான சூழலில் எல்லாவற்றையும் தொகுத்து, பேக்கேஜ்களாகக் களஞ்சியத்தில் வைக்கும், நீங்கள் பிகேஜி கொண்டு நிறுவுவீர்கள். தொகுப்பு தோற்றால் உங்கள் கணினிக்கு ஒன்றும் ஆகாது. அமைக்க ஒரு மாலைநேரம் ஆகும். பத்துக்கு மேல் போர்ட்டுகளைத் தொகுப்பவர்கள் பூட்ரியருக்குப் போவதே சரி என்பது என் தீர்மானமான கருத்து.

எந்தக் கருவியானாலும், போர்ட்ஸ் மரத்துக்கும் அப்டேட்டிங் கோப்பு தனியே உண்டு. பைத்தானின் இயல்புப் பதிப்பு மாறும்போது சார்ந்தவற்றை எந்த வரிசையில் மாற்றுவது என்பது போன்றவை அதில்தான் இருக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் முதன்மைப் பதிப்பு மாறினால் பழைய தரவு அடைவைப் புதிய நிரல் திறக்காது. தரவை முதலில் வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

ஆயத்த பேக்கேஜ்களையும் நானே தொகுத்தவற்றையும் கலக்கலாமா?

கலக்கலாம், இரண்டும் ஒரே கிளையிலிருந்து வந்தால். வெளியீட்டுப் பதிப்புகளில் பிகேஜி இயல்பாகக் காலாண்டுக் கிளையிலிருந்து எடுக்கிறது. கிட் இயல்பாக மெயின் கிளையைத் தரும். இந்த இரண்டையும் கலந்தால், ஒன்று எதிர்பார்க்கும் லைப்ரரிப் பதிப்பு மற்றொன்றில் இருக்காது. ஒன்றை மாற்றி மற்றதோடு ஒத்துப்போக வையுங்கள். நீங்கள் தொகுத்ததை ஆயத்த பேக்கேஜ் வந்து மிதிக்காமலிருக்க பிகேஜி லாக் உதவும்.

முதன்மைப் பதிப்பு மாறும்போது?

13-இலிருந்து 14-க்குப் போவது போன்ற தாவலில் எல்லாப் போர்ட்டுகளையும் திரும்பத் தொகுக்க வேண்டும். பிகேஜியே ஓட மறுத்தால் பிகேஜி-ஸ்டாட்டிக் என்பதைக் கூப்பிடுங்கள். அது எந்த லைப்ரரியையும் வெளியே தேடாது.

நானே தொகுத்தால் பாதுகாப்பு கூடுமா?

ஓரளவுக்குத்தான். படிக்காத மூலநிரலைத் தொகுப்பதும் ஒருவகை நம்பிக்கையே. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவு இருப்பது தெரியவந்தது. ஃப்ரீபிஎஸ்டியின் மெயின், ஸ்டேபிள் கிளைகளில் 5.6.0 ஏற்கெனவே சேர்ந்திருந்தது. ஆனாலும் பாதிப்பு இல்லை. அந்தப் பின்கதவு சோதனைக் கோப்புகளிலும் அந்தத் திட்டத்தின் கட்டுமான நிரல்களிலும் ஒளிந்திருந்தது. ஃப்ரீபிஎஸ்டி வெளியார் நிரலைச் சேர்க்கும்போது அந்தப் பகுதிகளை விட்டுவிட்டு, தன் சொந்த மேக் கோப்புகளால் தொகுக்கிறது. பாதுகாத்தது அந்த ஒழுங்குதான்.

தொகுப்பவர் அன்றாடம் செய்யக்கூடியது, பிகேஜி ஆடிட் ஓட்டி, நிறுவிய மென்பொருளில் அறியப்பட்ட ஓட்டைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது. அடிப்படை அமைப்புக்குப் பாதுகாப்பு அறிவிப்புகளைப் படிப்பது. ஒரு புள்ளிப் பதிப்புக்கான ஆதரவு அடுத்தது வந்த மூன்று மாதங்களில் முடிந்துவிடும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

புதுப்பித்தது முழுமையாக நடந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

ஃப்ரீபிஎஸ்டி-வெர்ஷன் கட்டளை மூன்றைத் தனித்தனியே சொல்லும்: நிறுவிய கர்னல், ஓடும் கர்னல், நிறுவிய பயனர் பகுதி. மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலிரண்டும் வேறுபட்டால் மறுதொடக்கம் பாக்கி. மூன்றாவது பின்தங்கியிருந்தால் இன்ஸ்டால்வேர்ல்ட் பாக்கி.

என்னிடம் நான்கு கணினிகள். நான்கிலும் தொகுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. வலுவான ஒன்றில் தொகுத்து, அதன் எஸ்ஆர்சி, ஓபிஜே அடைவுகளை என்எஃப்எஸ் (வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் முறை) வழியாக மற்றவற்றில் அதே பாதையில் இணைத்து, நிறுவும் படிகளை மட்டும் அங்கே செய்யுங்கள். மேக்.கான்ஃப் கோப்பில் சிபியு வகையைத் தொகுக்கும் கணினிக்கு ஏற்றபடி கொடுத்திருந்தால் நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் பழைய செயலி உள்ள கணினியில் தெரியாத ஆணை என்று நிரல்கள் விழும். நான்கில் குறைந்த முக்கியத்துவம் உள்ளதில் முதலில் நிறுவி, இரண்டு நாள் ஓடவிட்டு, பிறகு மற்றவற்றுக்குப் போங்கள்.